கூப்பிட்டால் போகிறவன்

நம் வயதில் முதலில் கழன்று விழுவது பெயர்கள்தான். பல் எல்லாம் அப்புறம். போன வாரம் சூலே பகோடா பக்கம் ஒரு பெண்மணி என் கையைப் பிடித்துக்கொண்டு விசாரித்தார். என் முழங்கால், என் சர்க்கரை, என் மாடி வீட்டுக்காரரோடு எனக்குள்ள தகராறு எல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. அவர் பெயர் மட்டும் எனக்கு வரவில்லை. நல்லா இருக்கீங்களா என்று மூன்று தடவை கேட்டுச் சமாளித்தேன். மூன்றாவது தடவை அவருக்கே தான் நன்றாக இல்லையோ என்று சந்தேகம் வந்துவிட்டது. உங்களுக்கும் இப்படி நடக்கிறது என்று தெரியும். இல்லை என்று சொல்லாதீர்கள். நாம் ஒன்றாகப் படித்தவர்கள்.

ஒரே ஒரு பெயர் எனக்கு மறக்க மாட்டேன் என்கிறது. அதைச் சத்தமாகச் சொல்லி முப்பது வருஷத்துக்கு மேலாகிறது. எழுதினால் தப்பில்லை என்று எனக்கு நானே அனுமதி கொடுத்துக்கொண்டிருக்கிறேன். கௌக்கோ. என் தம்பியின் பெயர்.

முன்கூட்டியே ஒன்று சொல்லிவிடுகிறேன். இதில் என் தம்பி சாக மாட்டான். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை ஊருக்கு வருகிறான், தலையில் முன்பக்கம் வழுக்கை விழுந்திருக்கிறது, கருவாடு சாப்பிட்டால் ஏப்பம் விடுகிறான். ஆள் இருப்பானா மாட்டானா என்று உங்களைக் கடைசி வரி வரைக்கும் இழுத்துக்கொண்டு போகும் சாமர்த்தியம் எனக்குக் கிடையாது. அந்தக் கேள்வியை அந்தக் காலத்தில் நாங்களே வேண்டிய அளவு கேட்டுவிட்டோம்.

அப்போது எங்கள் வீடு அலோன் பேட்டையில், ஆற்றுப் படகுத்துறைக்குப் போகும் சந்தில் இருந்தது. அப்பா துறைமுகத்தில் டாலி கிளார்க். கப்பலிலிருந்து பெட்டி இறங்கும்போது கையில் காகிதத்தோடு நின்று, பெட்டியின் மேல் கறுப்பு மையில் அடித்திருக்கும் மார்க்காவைக் காகிதத்தில் இருக்கும் மார்க்காவோடு ஒப்பிட்டு, பொருந்தினால் ஒரு கோடு போடுவார். அவ்வளவுதான் வேலை. மழைக்காலத்தில் ஒரு கையில் குடையும் உண்டு. பெட்டிக்குள் தங்கம் இருந்தாலும் தகரம் இருந்தாலும் மார்க்கா பொருந்தாவிட்டால் யாரும் தொட மாட்டார்கள், கோடவுன் மூலையில் வருஷக்கணக்கில் கிடக்கும் என்று அவர் பெருமையாகச் சொல்வார். உலகத்தில் எந்த விஷயத்தையும் அப்பா இந்த ஒரு வழியில்தான் விளக்குவார். கல்யாணப் பொருத்தம், நாட்டு நடப்பு, அம்மாவின் ரசம் எல்லாவற்றுக்கும் மார்க்காதான்.

எனக்குப் பின்னால் வீட்டில் இரண்டு ஆண்பிள்ளைகள் பிறந்து தங்கவில்லை. முதலாவது நாற்பதாம் நாள் போயிற்று. இரண்டாவது பிறந்ததும் அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, கணவர் போனபின் எங்களோடு வந்து வீட்டு நிர்வாகத்தை எடுத்துக்கொண்டவர், முறைப்படி எல்லாம் செய்தார். பிள்ளையைக் குப்பைமேட்டில் வைத்து எடுத்து, எதிர்வீட்டுப் பர்மாக்காரம்மாவிடம் கொடுத்து, ஒரு படி தவிடு கொடுத்துத் திரும்ப வாங்கி, மூக்குக் குத்தி, குப்பு என்று பெயர் வைத்தார்கள். வேண்டாத பிள்ளை என்று எமன் நினைத்துக்கொண்டு கண்டுகொள்ளாமல் போய்விடுவானாம். குப்பு ஒன்றரை வயது வரை இருந்தான். காய்ச்சல் மூன்றே நாள். கடைசி நாள் மத்தியானம் அம்மா அவனை மடியில் போட்டுக்கொண்டு, குப்பு, குப்பு என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். அவன் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு அப்போது ஆறு வயது. கூப்பிட்டால் திரும்ப வேண்டும் என்பதுகூடத் தெரியாத பிள்ளை என்று அவன்மேல் எனக்குக் கோபம் வந்தது ஞாபகமிருக்கிறது.

எண்பத்தெட்டாம் வருஷம், ஊர் கலவரத்தில் குழம்புவதற்குச் சில மாதம் முன்னால், தேக்கு ஏற்ற வந்த ஒரு கப்பலிலிருந்து அப்பா ஒரு மனிதரை வீட்டுக்கு அழைத்து வந்தார். வயதானவர். கண் இமை முடிகூட வெள்ளை. பின்லாந்துக்காரர் என்று அப்பா சொன்னார். அது இங்கிலாந்துக்குப் பின்பக்கம் இருக்கும் நாடாக இருக்கலாம் என்று அத்தை ஊகித்தார். அவர் பேசிய இங்கிலீஷும் அப்பா பேசிய இங்கிலீஷும் வேறு வேறு பட்டறையில் செய்தவை, ஒன்றோடொன்று மாட்டவில்லை. அம்மாவின் மீன்குழம்பைக் கண்ணில் தண்ணீர் வழிய மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார். காரமா, அழுகையா என்று யாருக்கும் தெரியவில்லை.

போகும்போது ஒரு காலண்டரைக் கொடுத்தார். அந்தக் காலண்டரை இப்போது யாராவது கொண்டுவந்து கொடுத்தால் என் ஒரு சிறுநீரகத்தைக் கொடுத்துவிடுவேன், அது இருக்கிற நிலைமையில் லாபம் எனக்குத்தான். மாதத்துக்கு ஒரு படம். ஏரி, காடு, பனி, மறுபடி ஏரி. பன்னிரண்டு படத்திலும் ஒரு மனிதர் இல்லை. காகிதத்திலிருந்து மரத்தூள் மாதிரி ஒரு வாசனை வரும். ஒவ்வொரு தேதிக்குக் கீழேயும் ஏதோ ஒரு சொல் அச்சடித்திருந்தது. அந்த மனிதர் மார்ச் மாதத்தைப் புரட்டி, மூன்றாம் தேதியை நீலப் பென்சிலால் வட்டமிட்டு, கீழே இருந்த சொல்லைக் காட்டி, தன் நெஞ்சில் தட்டி, “கௌக்கோ” என்றார். பிறகு மறுபடி நெஞ்சில் தட்டினார். ஆக, ஒவ்வொரு தேதிக்கும் அந்த நாட்டில் ஒரு பெயர் உண்டு, அவர் பெயர் அன்றைய பெயர் என்பது எங்கள் எல்லோருக்கும் புரிந்துவிட்டது. அதாவது, புரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டோம்.

மார்ச் மாதப் படம் உறைந்துபோன ஒரு ஏரி. வெள்ளை. அதன்மேல் காலடித் தடங்கள் ஒரே வரிசையாக எதிர்க்கரை நோக்கிப் போகும். நடந்து போன ஆள் படத்தில் இல்லை.

அடுத்த மாசியில் அம்மாவுக்குப் பிரசவமாயிற்று. ஆண்பிள்ளை. தேதியைப் பார்த்துவிட்டு அப்பா காலண்டரை ஆணியிலிருந்து கழற்றிக்கொண்டு வந்தார். மார்ச் மூன்று. நீல வட்டம் போட்ட அதே நாள்.

மதராஸில் இருக்கிற நம் சொந்தக்காரர்கள் இதைப் பார்த்திருந்தால் என்ன செய்திருப்பார்கள்? ஏதோ விளம்பரம் என்று திருப்பி மாட்டியிருப்பார்கள். இந்தப் பர்மாவில் பிறந்து வளர்ந்தவர்களுக்குத்தான் இந்தத் தப்பு வரும். இங்கே பிறந்த கிழமையைப் பார்த்து இன்ன எழுத்தில் பெயர் என்று வைக்கிறார்கள், நாமும் அக்கம்பக்கத்தில் பார்த்துப் பழகியிருக்கிறோம். அத்தைக்கு ஒரு சந்தேகமும் இல்லை.

“இவங்க கிழமைக்கு எழுத்துதான் வச்சிருக்காங்க. அவன் தேதிக்குப் பேரே அச்சடிச்சு வச்சிருக்கான். அன்னிக்குப் பொறந்தா அந்தப் பேருதான். நம்மளா வைக்கல, வந்து சேர்ந்திருக்கு” என்றார்.

குப்பு தந்திரம் ஏற்கெனவே செலவாகிவிட்டது என்பதும் அவர் கட்சி. நூறு வருஷமாக எல்லோரும் குப்பு, பிச்சை என்றே வைத்துக்கொண்டிருந்தால் எமனுக்குத் தெரியாமலா இருக்கும்?

அப்பாவுக்கு அதற்கும் மேலே தெளிவு. “எமனோட ஆள் கையில லிஸ்ட் இருக்கும்க்கா. நம்ம பேரு, இந்த ஊரு பேரு எல்லாம் அதுல இருக்கும். இது லிஸ்ட்ல இல்லாத மார்க்கா. பார்ப்பான், தலையைச் சொறிவான், போயிடுவான்.”

அம்மா படுத்தபடி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். “அந்தப் பெரியவரு பேரை எடுத்து இவனுக்கு வச்சா, அவருக்கு ஒண்ணும் ஆகாதே?”

அது அவர் மார்க்கா, கேட்கலாம் என்றால் அவர் கப்பலோடு போய்விட்டார்.

எதிர்வீட்டுப் பர்மாக்காரம்மா பிள்ளையைப் பார்க்க வந்து கன்னத்தில் தனக்காப் பட்டைச் சாந்து பூசிவிட்டுப் பெயரைக் கேட்டதும் கையை எடுத்துவிட்டார். பிள்ளை பிறந்தது வெள்ளிக்கிழமை. ‘க’ திங்கட்கிழமைக்காரர்களின் எழுத்து. வெள்ளிக்கிழமைப் பிள்ளையை இந்தப் பெயரால் கூப்பிட்டால் நீங்கள் யாரைக் கூப்பிடுகிறீர்கள் என்று அவர் அம்மாவிடம் பர்மா பாஷையில் கேட்டார். அத்தை அதை மொழிபெயர்க்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, எமனும் அப்படித்தான் குழம்புவான் என்று சந்தோஷப்பட்டார்.

நாற்பது நாள் தாண்டியது. ஒன்றரை வயது தாண்டியது. அந்த நாள் கடந்த மறுநாள் அம்மா பாயசம் வைத்தாள். அதில் உப்பு விழுந்திருந்தது, யாரும் சொல்லவில்லை. தம்பி நன்றாக வளர்ந்தான். பேச்சு மட்டும் தாமதம். அழ மாட்டான். மார்ச் மாதத்திலேயே மடித்து மாட்டியிருந்த அந்தக் காலண்டருக்கு முன்னால் நின்று பார்த்துக்கொண்டிருப்பான். நம் முகத்தைப் பார்க்கும்போதும் நம் தோளுக்குப் பின்னால் யாரோ நிற்கிற மாதிரி கொஞ்சம் தள்ளிப் பார்ப்பான். இரண்டு மூன்று தடவை நான் திரும்பிப் பார்த்திருக்கிறேன்.

நான் சொல்ல வந்த பருவம் அவனுக்கு மூன்றரை வயதான மழைக்காலம். எனக்குப் பதினொன்று. கூப்பிட்டால் வராத பிள்ளைகளை நீங்கள் வளர்த்திருப்பீர்கள். இவன் அந்த ரகமில்லை. கூப்பிட்டால் போவான். வீட்டுக்குள் விளையாடிக்கொண்டிருப்பவனைப் பெயர் சொல்லி ஒரு குரல் கொடுத்தால் உடனே எழுந்து நிற்பான், நம்மைப் பார்க்க மாட்டான், நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நேராக நடப்பான். சுவர் வந்தால் அதில் நெற்றியை வைத்துக்கொண்டு நிற்பான். முகத்தில் கோபமோ குறும்போ இருக்காது. சொன்னதைச் செய்துவிட்ட பிள்ளையின் முகம் இருக்கும்.

பிடிவாதம் என்றார் அத்தை. காது மந்தமாக இருக்கும் என்றார் அப்பா. காது டாக்டர் பின்னாலிருந்து கைதட்டினார், தம்பி திரும்பினான். மணி அடித்தார், திரும்பினான். பெயர் சொல்லிக் கூப்பிட்டார், எழுந்து கதவைத் திறந்துகொண்டு வராந்தாவுக்குப் போய்விட்டான். காது நன்றாக இருக்கிறது, வளர்ப்புதான் சரியில்லை என்று டாக்டர் சொல்லியனுப்பினார்.

இங்கே என் பங்கையும் சொல்லவேண்டும். பெரியவர்களுக்குப் புரியாதது எனக்கு வித்தையாகத் தெரிந்தது. பின்னால் நின்று கூப்பிட்டால் முன்னால் போவான், வலப்பக்கம் நின்று கூப்பிட்டால் இடப்பக்கம். இரண்டு பக்கமும் மாறி மாறி நின்று கூப்பிட்டு அவனைச் சந்து முழுக்க ஓட்டிக்கொண்டு போக எனக்குத் தெரியும். என் வகுப்புப் பெண்கள் இரண்டு பேருக்கு இதைக் காட்டி ஆளுக்கு ஒரு பொட்டலம் இலந்தைவடை வாங்கித் தின்றிருக்கிறேன். நகைச்சுவை எழுதுகிறவள் என்று என்னைச் சொல்கிறார்கள். என் முதல் மேடை என் தம்பியின் முதுகு.

ஆவணி மாதம் ஒருநாள் பள்ளி விட்டதும் அந்தப் பெண்கள் மறுபடி கேட்டார்கள். சந்தில் மழைத்தண்ணீர் நின்றதால் அவனைப் படகுத்துறைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். துறையின் பலகைத் தளத்தில் அவனை நிறுத்திவிட்டு, பத்தடி பின்னால் வந்து கூப்பிட்டேன்.

அவன் நடந்தான். அங்கே சுவர் இல்லை என்பது அவன் நாலைந்து அடி போன பிறகுதான் எனக்கு உறைத்தது. பயத்தில் மறுபடி கூப்பிட்டேன். அவன் வேகமாக நடந்தான். தளத்தின் கடைசியில், எதிர்க்கரையில் இருக்கும் டாலாவுக்குப் போகும் சம்பான் படகு ஒன்று கிளம்பிக்கொண்டிருந்தது. கூடைக்காரப் பெண் ஒருத்தி ஏறினாள், அவள் பின்னாலேயே இவனும் ஏறினான். அவள் பிள்ளை என்று படகுக்காரர் நினைத்தார், படகுக்காரரின் பிள்ளை என்று அவள் நினைத்தாள். நான் கத்திக்கொண்டே ஓடினேன். எதைச் சொல்லிக் கத்தினேன் என்று நினைக்கிறீர்கள்? வேறு என்ன தெரியும் எனக்கு? பெயரைத்தான். அவன் படகின் முன்முனைக்குப் போய் எதிர்க்கரையைப் பார்த்து நின்றுகொண்டான். மழை ஆற்றின்மேல் இறங்கி வந்து படகை மூடிவிட்டது.

வீட்டுக்கு ஓடிவந்து, அவனாகவே போய் ஏறிவிட்டான் என்று மட்டும் சொன்னேன். பொய்யில்லை பாருங்கள். கவனித்துச் சொன்ன வாக்கியம் அது.

அப்பா ஒரு சம்பானைப் பிடித்தார். அம்மா புடவை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ஏறினாள், அடையாளம் காட்ட என்னையும் ஏற்றினார்கள். நடு ஆற்றிலிருந்தே அம்மா கூப்பிட ஆரம்பித்துவிட்டாள். அவள் கூப்பிடும்போது கடைசி எழுத்தை நீட்டுவாள், முடிவில் குரல் கொஞ்சம் மேலே போய் நிற்கும். டாலாவில் இறங்கியதும் சைக்கா என்கிற சைக்கிள் ரிக்‌ஷா ஓட்டுகிறவர்கள் வழி காட்டினார்கள். மஞ்சள் சட்டைப் பிள்ளைதானே, இப்போதுதான் இந்தப் பக்கம் போனான், யாரோ கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து விட்டுவிட்டோம் என்றார்கள். அடுத்த வளைவில் ஒரு கிழவர், வெற்றிலைக்காரி, பம்ப்படியில் குளித்துக்கொண்டிருந்த பெண்கள். எல்லோரும் பார்த்திருந்தார்கள். எல்லோரும் அதையேதான் சொன்னார்கள். ஒழுங்காக, குஷியாக, யாரோ கூப்பிட்ட பிள்ளை மாதிரி போனான்.

வீடுகள் முடிந்து வயல் வந்தது. மழை விட்டு, எங்கே பார்த்தாலும் தண்ணீர், மேலே வானம் ஈயம் மாதிரி. வரப்பு எது வயல் எது என்று தெரியாத அந்த வெளியில் மஞ்சளாக ஒரு புள்ளி தெரிந்தது. அவன்தான். முதுகு.

அம்மா பெயரைச் சொல்லி ஒரு அலறல் அலறினாள். புள்ளி நகர்ந்தது. அப்பாவும் வாயில் கையை வைத்துக் கூப்பிட்டார். புள்ளி இன்னும் வேகமாக நகர்ந்தது. அந்த வரப்புக்கு அந்தப் பக்கம் ஒரு ஓடை உண்டு, மழையில் அது கரை தெரியாமல் வயலோடு வயலாகக் கிடக்கிறது என்று கூட வந்த சைக்காக்காரர் அப்பாவிடம் மெல்லச் சொன்னார். அம்மா கூப்பிட்டுக்கொண்டே ஓடி விழுந்தாள், எழுந்து மறுபடி கூப்பிட்டாள். ஒவ்வொரு கூப்பாட்டுக்கும் அவன் கொஞ்சம் சிறியதாகிக்கொண்டே போனான். அவனுக்கு முழங்கால் வரை தண்ணீர். அப்புறம் இடுப்பு வரை.

“கூப்பிடாதீங்க, கூப்பிடக் கூப்பிடத்தான் போறான்” என்று நான் கத்தினேன். அப்பா என்னை ஓர் அறை விட்டார். அவர் கையை நீட்டியது அந்த ஒரு தடவைதான்.

அறை வாங்கிய வேகத்திலோ என்னவோ, எனக்கே தெரியாமல் என் வாயிலிருந்து வேறு பெயர் வந்தது. அந்த வீட்டில் ஐந்து வருஷமாக யாரும் சொல்லாத பெயர்.

“குப்பூ…”

மஞ்சள் புள்ளி நின்றது. தண்ணீரில் நின்றபடியே மெதுவாகத் திரும்பியது. அவ்வளவு தூரத்திலும் அவன் நேராக என் முகத்தைப் பார்த்தது எனக்குத் தெரிந்தது. தோளுக்குப் பின்னால் இல்லை. முகத்தை. பிறகு வீட்டில் சாப்பிடக் கூப்பிட்டால் வருகிற பிள்ளை மாதிரி, தண்ணீரை அளைந்துகொண்டு எங்களை நோக்கி நடந்து வந்தான்.

அம்மா ஓடிப்போய் அவனைத் தூக்கவில்லை. சேற்றில் உட்கார்ந்து இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். அவன் வந்து அவள் முன்னால் நின்று காத்திருந்தான். அப்பாதான் தூக்கினார்.

அந்த நிகழ்ச்சிக்குப் பெரியவர்கள் செய்த வியாக்கியானம் எல்லாம் தப்பு என்று இன்றைக்கு எனக்குத் தோன்றுகிறது, சரியானது எது என்று மட்டும் தெரியவில்லை. செத்துப்போன குப்புவே திரும்பி வந்திருக்கிறான் என்று அத்தை தெருவுக்கே சொன்னார். அம்மா அன்றிலிருந்து அத்தையோடு பேச்சைக் குறைத்துக்கொண்டாள். ஆனாலும் வீட்டில் அவன் குப்பு ஆனான், வேறு வழியில்லை. அதற்குத் திரும்புகிறானே. அம்மா அவனை அப்படிக் கூப்பிடும்போதெல்லாம் அவன் திரும்பும் வரை மூச்சை நிறுத்திக்கொள்வாள். அந்த ஒரு நொடியை நான் வருஷக்கணக்கில் பார்த்திருக்கிறேன்.

பள்ளியில் மட்டும் பழைய பெயர். எமன் பதிவேட்டைத்தான் பார்ப்பான் என்பது அப்பாவின் நம்பிக்கை, அதனால் மாற்றச் சம்மதிக்கவில்லை. முதல் நாள் வருகை எடுக்கும்போது டீச்சர் பெயரைப் படித்தார், தம்பி எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றான். அந்த ஜன்னல் ஆற்றைப் பார்த்தது. திமிர் என்று நாலு நாள் வெளியே நிறுத்திப் பார்த்துவிட்டு, அப்புறம் அவனை நம்பர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தார்கள். பத்து வயதுக்குமேல் அந்தப் பழக்கம் தானாக நின்றுவிட்டது. அல்லது அவன் அடக்கக் கற்றுக்கொண்டான். பெயரைக் கேட்டால் கழுத்து மட்டும் ஒரு நூல் அளவு திரும்பும், எதிர்ப்பக்கம்.

காலண்டரை அப்பா டாலாவிலிருந்து வந்த மறுநாளே எடுத்துப்போனார். கிழிக்கவும் பயம், எரிக்கவும் பயம். பெட்டியில் வைத்து ஆணியடித்து, மேலே மார்க்கா எதுவும் போடாமல் கோடவுன் மூலையில் போட்டுவிட்டதாகச் சொன்னார்.

இரண்டாயிரத்து ஒன்பதில் நான் கியாக்டடா பேட்டையில் ஒரு ஏற்றுமதி ஆபீசில் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். மத்தியான இடைவேளையில் கீழே இருந்த இன்டர்நெட் கடையில் போய் உட்காருவேன். பக்கம் திறப்பதற்குள் ஒரு டீ குடித்து முடிக்கலாம். ஒருநாள் தம்பியின் பெயரை அடித்துப் பார்த்தேன். மேலிருந்து கீழே ஒவ்வொரு வரியாக இறங்கி வந்தது.

முதலில் தெரிந்தது, தேதிக்கும் பிறப்புக்கும் சம்பந்தமே இல்லை. அந்த நாட்டில் காலண்டரில் ஒவ்வொரு பெயருக்கும் ஒரு நாள் ஒதுக்கியிருக்கிறார்கள். அந்தப் பெயர் உள்ளவர்களுக்கெல்லாம் அன்று காபியும் கேக்கும், அவ்வளவுதான். என்றைக்குப் பிறந்தவருக்கும் எந்தப் பெயரும் வைக்கலாம். எங்கள் வீட்டுக்கு வந்த பெரியவர், தன் பெயருக்குரிய நாள் இது, முடிந்தால் நினைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்கிறார். நாங்கள் அதைச் சட்டம் என்று எடுத்துக்கொண்டு ஒரு பிள்ளைக்குச் சூட்டிவிட்டோம். கடையில் உட்கார்ந்து நான் சிரித்தேன். பக்கத்து நாற்காலிப் பையன் தள்ளி உட்கார்ந்தான்.

அடுத்த வரிகள் அதற்குப் பிறகு இறங்கின. வடமொழிப் பெயரை உதறிவிட்டுத் தமிழிலேயே பெயர் வைப்போம் என்று நம் ஆட்கள் கிளம்பினார்கள் இல்லையா, அந்த மாதிரி அவர்களும் ஒரு காலத்தில் அந்நியப் பெயர்களை விட்டுவிட்டுத் தங்கள் பாஷைச் சொற்களையே பிள்ளைகளுக்குச் சூட்டினார்களாம். அப்படி வந்த பெயர்களில் இதுவும் ஒன்று. அவர்களுடைய பழம்பாட்டுகளில் வீடு தங்காமல் திரிகிற ஒருவனுக்குப் பட்டப்பெயரில் இந்தச் சொல் வருகிறதாம், மனசு எட்டத்தில் இருக்கிறவன் என்ற பொருளில். சொல்லுக்குத் தனியாக என்ன பொருள் என்றும் போட்டிருந்தது.

தொலைவு.

நான் கணினியை மூடாமலே எழுந்து வந்துவிட்டேன். நடு ஆற்றிலும் வயலிலும் அம்மா கடைசி எழுத்தை நீட்டி நீட்டி அவனிடம் என்ன சொல்லிக்கொண்டிருந்தாள் என்பதை அவளிடம் நான் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

அடுத்த வருஷம் தம்பிக்குக் கப்பலில் வேலை கிடைத்தது. ஆற்று நடுவே நங்கூரம் போட்டிருந்த கப்பல். அது எந்த நாட்டுக் கொடி என்று எழுத மாட்டேன், எழுதினால் இவள் கதை கட்டுகிறாள் என்பீர்கள். வேலைக் கடிதத்தில் முதல் வரியில் அவன் பதிவேட்டுப் பெயர் பெரிய எழுத்தில் இருந்தது. ஓய்வுபெற்று வீட்டில் இருந்த அப்பா அதை வாங்கி, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, அந்தப் பெயரின்மேல் விரலை ஓட்டினார்.

“மார்க்கா பொருந்தாத பெட்டியை இந்த ஊர்க்காரன் எவனும் எடுக்க மாட்டான். அது சரிதான்” என்றார். கடிதத்தை மடித்துக்கொண்டே, “ஆனா தப்பா இறக்கின பெட்டின்னு ஒண்ணு உண்டு. அடுத்த நடையில கப்பலே திரும்பி வந்து எடுத்துக்கும். நானே எத்தனையோ ஏத்திவிட்டிருக்கேன்” என்றார்.

கிளம்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம் தம்பியும் நானும் டீக்கடையில் உட்கார்ந்திருந்தோம். பதினெட்டு வருஷமாகக் கேட்காததை அன்றைக்குக் கேட்டுவிட்டேன். சின்ன வயதில் கூப்பிட்டால் ஏன்டா எதிர்ப்பக்கம் போவாய் என்று.

அவன் நிஜமாகவே ஆச்சரியப்பட்டான். “எதிர்ப்பக்கமா? கூப்ட்ட பக்கம்தானேக்கா வந்தேன்.”

“நான் உனக்குப் பின்னால நின்னுல்ல கூப்பிட்டேன்.”

“நீயா?” டீயை ஆற்றிக்கொண்டே யோசித்தான். “எனக்கு முன்னாலேர்ந்துதான் கேக்கும். எப்பவும்.”

யார் குரல் மாதிரி என்று கேட்டேன்.

“அம்மா குரல்தான். கொஞ்சம் தூரத்துலேர்ந்து.”

இப்போதும் கேட்கிறதா என்று கேட்க வாயெடுத்து வேறு எதையோ கேட்டேன். அவனாகவே சொன்னான், “நம்ம வீட்லதான் அந்தப் பேரை யாரும் சொல்றதே இல்லியே.” பிறகு, தட்டில் இருந்த சமோசாவில் பாதியை எனக்குத் தள்ளினான்.

மறுநாள் காலை அதே படகுத்துறை. பலகைக்குப் பதில் சிமெண்ட் போட்டிருந்தார்கள். அவனைக் கப்பலுக்குக் கொண்டுபோக லாஞ்ச் வந்தது. எந்தப் பெயரும் சொல்லக் கூடாது என்று வீட்டிலேயே பேசிவைத்துக்கொண்டு வந்திருந்தோம். அந்தப் பெயரைச் சொன்னால் போய்விடுவான். குப்பு என்று சொன்னால் திரும்பி வந்துவிடுவான், மூன்று வருஷ ஒப்பந்தம் கெட்டுவிடும். ஆக, ஒரு குடும்பமே வாயை மூடிக்கொண்டு பிள்ளையை வழியனுப்பியது. பக்கத்தில் மற்ற பையன்களின் வீட்டார் அழுது ஆர்ப்பாட்டம் செய்ய, நாங்கள் மூன்று பேரும் பல் டாக்டரிடம் வந்தவர்கள் மாதிரி நின்றோம். அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டிருந்தாள்.

லாஞ்ச் போனது. தம்பி பின்பக்கம் நின்று எங்களைப் பார்த்துக் கையாட்டிக்கொண்டே இருந்தான். முகத்தைப் பார்த்துத்தான், தோளுக்குப் பின்னால் இல்லை. பாதி ஆறு தாண்டியிருக்கும். கையாட்டிக்கொண்டிருந்தவன் சட்டென்று நிறுத்தினான். ஆற்றின் முகத்துவாரப் பக்கம், கடல் இருக்கும் பக்கம் திரும்பினான். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ஒரு மனிதன் எப்படித் திரும்புவானோ அப்படி. அப்புறம் எங்கள் பக்கம் திரும்பவே இல்லை.

அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள். வாயிலிருந்த முந்தானையை எடுத்தாள்.

“யாருடி கூப்ட்டது?”

“நான் இல்லம்மா” என்றேன். அவளிடம் நான் மறைத்தவை எத்தனையோ உண்டு, ஆனால் இது சத்தியம்.

அப்பாவின் வலது கை ஆள்காட்டி விரல் இடது உள்ளங்கையில் மெதுவாக, மார்க்கா பொருந்தினால் போடும் அந்த ஒரு கோட்டைப் போட்டது.